சாஸ் புட்டிக்குள் கரைந்திருக்கும் உப்பு

சிவகாசியில் உருவாகும் வாண வேடிக்கைப் பொருள்களில் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், நீலத்துக்குத் தாமிரம், மஞ்சளுக்குச் சோடியம் என ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிமத்தின் உப்பு காரணமாகிறது. இவற்றுள் சோடியத்தின் மஞ்சள் மிக வலிமையானது. பிற நிறங்களுக்கான மருந்துக் கலவையில் அது சிறிதளவு கலந்துவிட்டாலும் அந்த நிறத்தை அமுக்கித் தன் நிறத்தையே மேலெழச் செய்துவிடும். அடுப்பில் குழம்பு பொங்கி வழியும்போது நீலச் சுடர் சட்டென மஞ்சளாவதும் குழம்பின் உப்பிலுள்ள இதே சோடியத்தால்தான். சமையல் உப்பு என்பது சோடியமும் குளோரினும் சேர்ந்த சோடியம் குளோரைடு என்னும் சேர்மம் ஆகும்; அதன் எடையில் ஏறத்தாழ 39 விழுக்காடு சோடியம். இரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேசும் மருத்துவர்கள் உப்பென்றும் சோடியமென்றும் மாறிமாறிச் சொல்வது இதனால்தான். ஆனால் ஒரு வீட்டுக்குள் சோடியம் வரும் வழி உப்பு ஜாடி மட்டுமே என்று எண்ணியிருந்த காலம் மாறிவிட்டது. சோயா சாஸ், சில்லி சாஸ், தக்காளி சாஸ் என்று திரவ வடிவில் புட்டிகளில் அடைபட்டு வரும் உப்பு இன்று விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் அடுக்களைகளிலும் இடம்பிடித்திருக்கிறது. அதை உப்பென்று கணக்கில் சேர்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

இந்தப் பகுதிக்கும் உப்புக்கும் உள்ள உறவு பழையது. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு மிகுதியாக விளையும் தமிழ்நாட்டில் தூத்துக்குடி உப்பளங்களின் பங்கு பெரிது. அந்தக் கடற்கரைக்கும் விருதுநகருக்கும் இடையே சில மணி நேரப் பயணமே உண்டு. மழை குறைந்த கரிசல் நிலமாதலால், காய்கறி விளையாத மாதங்களுக்கென வத்தல், வடகம், மோர்மிளகாய், ஊறுகாய், கருவாடு என உப்பால் காப்பாற்றப்பட்ட பண்டங்களைச் சேர்த்து வைப்பது இங்கே வீட்டு நிருவாகத்தின் ஒரு பகுதியாக இருந்தது. சாத்தூர் காராச்சேவும், எண்ணெயில் பொரித்தெடுத்துச் சால்னாவில் பிய்த்துப்போட்டு உண்ணும் விருதுநகர்ப் பரோட்டாவும் இந்த மாவட்டத்தின் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டு சென்றவை. எனவே, உப்பும் காரமும் தூக்கலாக இருந்தால்தான் சாப்பாடு என்னும் நாக்கு இங்கே முன்பே பழகியிருந்தது. சாஸ் அந்த நாக்கின்மேல் வந்து அமர்ந்தது.

கொல்கத்தாவில் குடியேறிய சீன ஹக்கா சமூகத்தாரின் சமையலிலிருந்து கிளைத்து, இந்திய மசாலாக்களோடு கலந்து நாடெங்கும் பரவிய சமையல் முறையே இன்று தமிழகத் தெருக்களில் ‘பாஸ்ட்புட்’ என்னும் பெயரில் வழங்குகிறது. சிவகாசியிலும் திருத்தங்கலிலும் சாத்தூரிலும் மாலை மங்கியதும் தெருமுனைகளில் வண்டிக் கடைகள் முளைக்கின்றன. பெரிய இரும்புச் சட்டி, பேரொலியோடு எரியும் அடுப்பு, ஓரத்தில் வரிசையாகச் சாஸ் புட்டிகள், வெள்ளை மிளகுத்தூள், உப்பு, அஜினோமோட்டோ ஆகியவை அடங்கிய கிண்ணங்கள் என அவற்றின் அமைப்பு எங்கும் ஒன்றுபோலவே இருக்கும். பட்டாசு ஆலைகளிலும் தீப்பெட்டி ஆலைகளிலும் அச்சகங்களிலும் பகல் முழுதும் வேலை பார்த்துத் திரும்புகிற குடும்பங்களுக்கு, வாரக் கூலி கைக்கு வரும் மாலையில் பிள்ளைகள் கேட்கும் முட்டை ரைஸ் பொட்டலம் ஒரு சிறு கொண்டாட்டம். அந்தக் கொண்டாட்டத்தைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. கடையில் வாங்கியது போக வீட்டிலும் அதே சுவையைச் செய்து பார்க்கும் ஆசை வளர்ந்து, மளிகைப் பட்டியலில் சாஸ் புட்டி நிலையாகிவிட்டபோதுதான் சோடியக் கணக்கு உண்மையில் மாறத் தொடங்கியது.

சோயா சாஸ் எப்படி உருவாகிறது என்று அறிந்தால் அதில் இவ்வளவு உப்பு ஏன் என்பது விளங்கும். கிழக்காசிய மரபுப்படி, வேகவைத்த சோயா மொச்சையையும் வறுத்த கோதுமையையும் கலந்து, அதில் ஒருவகைப் பூஞ்சையை வளரவிட்டு, பின்னர் செறிந்த உப்புநீரில் பல மாதங்கள் ஊறவைக்கிறார்கள். பூஞ்சையின் நொதிகள், அதாவது பெரிய மூலக்கூறுகளைச் சிறியனவாக உடைக்கும் புரதப் பொருள்கள், மொச்சையின் புரதத்தை அமினோ அமிலங்களாகப் பிரிக்கின்றன; அந்த நெடுங்காலத்தில் கலவை அழுகிப் போகாமல் காப்பது உப்புநீரே. மலிவான சாஸ்களுக்குக் கையாளப்படும் மற்றொரு முறையில் மாதக்கணக்காகக் காத்திருப்பதில்லை. சோயாப் புரதத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து உடைத்து, எஞ்சிய அமிலத்தைச் சோடியம் கார்பனேட்டு போன்ற காரப்பொருளால் நடுநிலையாக்குகிறார்கள். அமிலமும் காரமும் சேரும் அந்த வினையிலேயே சோடியம் குளோரைடு உருவாகிவிடுகிறது. முதல் முறையில் உப்பு வெளியிலிருந்து சேர்க்கப்படுகிறது, இரண்டாவதில் பாத்திரத்துக்குள்ளேயே பிறக்கிறது. ஆக, உப்பு சோயா சாஸின் உடலோடு ஒட்டிப் பிறந்ததேயொழிய மேலே தூவிய ஒன்றன்று.

வழக்கமான சோயா சாஸில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 5500 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உப்பாக மாற்றிச் சொன்னால் இது சுமார் 14 கிராம். கடல்நீரின் உப்புத்தன்மை 3.5 விழுக்காடு என்பதை நினைத்துப் பார்த்தால், தூத்துக்குடிக் கடலைப்போல் நான்கு மடங்கு உப்பு அந்தக் கறுப்புத் திரவத்தில் கரைந்திருக்கிறது எனலாம். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லிலிட்டர் சோயா சாஸில் 880 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் வருகிறது. சிப்பிச் சாஸில் அதே அளவுக்கு ஏறத்தாழ 500 மில்லிகிராமும், தாய்லாந்துச் சமையலில் புழங்கும் மீன் சாஸில் 1400 மில்லிகிராமும் உண்டு. தக்காளி சாஸில் ஒரு மேசைக்கரண்டிக்கு 150 மில்லிகிராம்தான் என்றாலும் அதை எவரும் ஒரு கரண்டியோடு நிறுத்துவதில்லை. மிளகாய்ச் சாஸ்களின் உப்பு அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு பெரிதும் வேறுபடுகிறது. காரத்தின் பின்னால் உப்பு ஒளிந்துகொள்வதால் நாக்கால் மட்டும் அதை மதிப்பிட முடியாது.

உலகச் சுகாதார நிறுவனம் வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 2000 மில்லிகிராமுக்கும் குறைவான சோடியமே போதும் என்கிறது. உப்பாகச் சொன்னால் 5 கிராமுக்கும் குறைவு, தலைதட்டிய ஒரு தேக்கரண்டியைவிடச் சற்றுக் குறைவு. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களும் 5 கிராம் என்னும் இதே எல்லையையே குறிக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் சார்பில் 2017-18-இல் நடந்த தேசியக் கண்காணிப்பு ஆய்வின்படி, இந்தியர் ஒருவர் சராசரியாக நாளொன்றுக்கு 8 கிராம் உப்பு உண்கிறார். ஆண்களுக்கு இது 8.9 கிராம், பெண்களுக்கு 7.1 கிராம். அதாவது சாஸ் புட்டியைத் திறப்பதற்கு முன்பே எல்லை தாண்டப்பட்டிருக்கிறது.

மிகுதியாக உட்செல்லும் சோடியத்தை நீர்க்கச் செய்வதற்காக உடல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதனால் இரத்தத்தின் கன அளவு கூடி, குழாய்ச் சுவர்களின்மேல் அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகங்கள் அந்தச் சோடியத்தை வெளியேற்றக் கூடுதலாக உழைக்கின்றன. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் குழாய்கள் தடித்து இறுகுவதும், பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகப் பழுது ஆகியவற்றுக்கான வாய்ப்பு பெருகுவதும் மருத்துவ ஆய்வுகள் ஐயமின்றி நிறுவிய செய்திகள். உயர் இரத்த அழுத்தம் வலி தராத நோய் என்பதே இதிலுள்ள பெரிய இடர். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மிகச் சிறந்த ஏற்பாடு அது. ஆனால் காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, அது இறக்கிய அழுத்தத்தை இரவுச் சாப்பாட்டில் திரும்ப ஏற்றிக்கொள்ளும் வீடுகளுக்கு, மாத்திரையோடு அடுக்களையைப் பற்றிய சில சொற்களும் சேர்ந்து வந்தாக வேண்டும்.

இங்கே பரவலான ஒரு தவறான எண்ணத்தைச் சுட்டிக்காட்டாமல் மேலே செல்ல இயலாது. பாஸ்ட்புட் என்றதும் மக்கள் அஞ்சுவது அஜினோமோட்டோவை. மோனோ சோடியம் குளுட்டமேட்டு என்னும் அந்த வெண்ணிறப் படிகத்தின் சுவையை 1908-இல் டோக்கியோவில் கிகுனே இகெதா என்னும் வேதியியலார் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தறிந்தார்; தக்காளியிலும் காளானிலும் இயற்கையாகவே உள்ள குளுட்டமிக் அமிலத்தின் சோடிய உப்புதான் அது. அதில் சோடியம் 12 விழுக்காடு மட்டுமே, சமையல் உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. உணவுச் சேர்பொருள்களை ஆராயும் பன்னாட்டு வல்லுநர் குழு 1987-இல் அதை மதிப்பிட்டு, நாளொன்றுக்கு இவ்வளவுக்குமேல் கூடாது என்று எண்ணால் வரையறுக்கத் தேவையில்லை என முடிவு செய்தது. ‘எங்கள் கடையில் அஜினோமோட்டோ கிடையாது’ என்று பலகை வைத்துவிட்டு, அதனால் குறைந்த சுவையை ஈடுகட்ட ஒரு கரண்டி சாஸையும் ஒரு சிட்டிகை உப்பையும் கூட்டிப் போடும் கடையில் உண்பவர் முன்னைவிட அதிகச் சோடியத்தையே உண்கிறார். அஞ்ச வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றை அஞ்சுவதால் வரும் கேடு இது. அஜினோமோட்டோவைப் போற்ற வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. ஆனால் குற்றவாளியை அடையாளம் காட்டும்போது விரல் சரியான பக்கம் நீள வேண்டும்.

வீட்டில் இருவருக்குச் செய்யும் முட்டை ரைஸைக் கரண்டி கரண்டியாக எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும். பெரும்பாலான வீடுகளில் முதலில் சோற்றை உப்புப் போட்டு வடிக்கிறார்கள். பின்னர் வெங்காயம், கோசு, குடைமிளகாய் வதங்கும்போது உப்பு, முட்டையை உடைத்து ஊற்றியதும் அதன்மேல் உப்பு, சோற்றைக் கொட்டிக் கிளறும்போது சோயா சாஸ், கடைசியில் ருசி பார்த்து மீண்டும் உப்பு என நான்கைந்து இடங்களில் சோடியம் நுழைகிறது. வடித்த சோற்றின் உப்பைக் கணக்கில் விட்டுவிட்டாலும், இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸில் 1760 மில்லிகிராம், அரைத் தேக்கரண்டித் தூளுப்பில் ஏறத்தாழ 1150, இரண்டு முட்டைகளில் இயற்கையாக உள்ள 140 எனக் கூட்டினால் 3050 மில்லிகிராம் வருகிறது. தட்டுக்கு 1500-ஐத் தாண்டுகிறது. ஒருவேளைச் சாப்பாட்டிலேயே நாளின் அளவில் முக்கால் பங்கு தீர்ந்துவிடுகிறது; தொட்டுக்கொள்ள வைத்த சில்லி சாஸ் இன்னும் எண்ணப்படவில்லை.

அதே இருவருக்கான சோற்றை வேறு முறையில் கிளறலாம். சோற்றை உப்பில்லாமல் உதிரியாக வடித்து ஆறவிட வேண்டும். காய்க்கும் முட்டைக்கும் உப்பே இடக்கூடாது. இரண்டு மேசைக்கரண்டிக்கு மாறாக இரண்டு தேக்கரண்டி சோயா சாஸ் எடுத்து, அதே அளவு தண்ணீரும் சில துளி வினிகரும் சேர்த்து நீர்க்கச் செய்துகொள்ள வேண்டும். ஒரு மேசைக்கரண்டியில் மூன்று தேக்கரண்டி அடங்கும் என்பதால், இதில் வரும் சோடியம் 590 மில்லிகிராமுக்கு மேற்படாது. அந்தக் கலவையை நேரே சோற்றின்மேல் ஊற்றாமல், அடுப்பைக் கூட்டி, சோற்றை ஒருபுறம் ஒதுக்கி, காய்ந்திருக்கும் சட்டியின் ஓரத்தில் ஊற்றினால் அது சீறிப் பொங்கி, அதிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் வினைபுரிந்து வறுபட்ட மணத்தை எழுப்புகின்றன. கடைக்காரர் கைப்பக்குவத்தின் கமகமப்பில் பாதி இந்த வறுபாட்டால் வருவதேயன்றிச் சாஸின் அளவால் வருவதன்று. இறுதியில் ஊற்றப்பட்ட சாஸ் சோற்றுப் பருக்கைகளின் மேற்பரப்பிலேயே தங்குவதால் நாக்கு அதை உடனே உணர்கிறது; முதலிலேயே இட்ட உப்பு உள்ளே ஊறிப்போய், சுவையைக் குறைவாகவும் சோடியத்தை அதே அளவிலும் தருகிறது.

உப்பைக் குறைத்த இடத்தை வேறொரு சுவையால் நிரப்பாவிட்டால் எவ்வளவு நல்ல கணக்கும் மூன்றாம் நாளே கைவிடப்படும். இந்த மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. விருதுநகர்ச் சந்தை மிளகாய் வத்தலுக்கும் மல்லிக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. வீட்டில் ஊறவைத்து அரைத்த வத்தலோடு பூண்டும் வினிகரும் சேர்த்து நல்லெண்ணெயில் வதக்கினால், உப்பே இல்லாத மிளகாய்ச் சாந்து கிடைக்கிறது. கடையில் வாங்கும் சில்லி சாஸின் வேலையில் பெரும்பகுதியை அது செய்துவிடும். கிழக்காசியச் சமையலில் வறுத்த எள்ளெண்ணெயைக் கடைசியில் ஒரு துளி விடுவார்கள். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயை இறக்கும் தறுவாயில் அரைத் தேக்கரண்டி விட்டாலும், ஒரு பிடி எள்ளை வறுத்துத் தூவினாலும் அந்த மணம் வந்துவிடுகிறது. நன்கு சிவக்க வறுத்த பூண்டு, இடித்த மிளகு, வெங்காயத்தாள், எலுமிச்சைச் சாறு ஆகியவை ஒவ்வொன்றும் தன் பங்குக்கு உப்பின் இடத்தை நிரப்பும். புளிப்பு இவற்றுள் முதன்மையானது, ஏனெனில் புளிப்பு இருக்குமிடத்தில் குறைந்த உப்பும் போதிய உப்பாகவே நாக்குக்குத் தோன்றுகிறது. முடிவில் ருசி பார்த்து, தேவையென்று பட்டால் ஒரு சிட்டிகை உப்பைச் சேர்க்கலாம். அந்தச் சிட்டிகையைக் கூட்டியும் தட்டுக்கு 500 மில்லிகிராமைச் சுற்றியே சோடியம் நிற்கும். முன்னதில் மூன்றில் ஒரு பங்கு.

இவ்வாறு குறைத்த உணவு முதல் சில நாள்களில் சப்பென்று தோன்றுவது இயல்பே. உப்பை உணரும் திறன் பழக்கத்தால் அமைவது. சில வாரங்கள் தொடர்ந்து குறைத்து உண்டால், முன்பு சரியாகத் தோன்றிய உணவு கரிக்கத் தொடங்கும். பிரிட்டனில் 2003-இல் தொடங்கி, ரொட்டி முதலிய உணவுப் பொருள்களில் நிறுவனங்கள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உப்பைக் குறைத்துவந்தபோது மக்கள் அதை உணரவேயில்லை. 2011-க்குள் அந்நாட்டினரின் சராசரி உப்பு நுகர்வு 15 விழுக்காடு இறங்கியிருந்தது.

வெயிலில் வேலை செய்பவர்களுக்கு உப்பு கூடுதலாக வேண்டாமா என்னும் கேள்வியைச் சிவகாசிப் பகுதியில் எவரும் எழுப்புவர். அது நியாயமான கேள்வி. பட்டாசு ஆலைகளில் வெடிமருந்து கலக்கும் அறைகளில் தீப்பொறிக்கு இடமளிக்கக்கூடாது என்பதால் மின்விசிறி கிடையாது, கோடையில் அவற்றின் வெக்கை கடுமையானது. ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ அரை கிராம் முதல் ஒன்றரை கிராம் வரை சோடியம் வெளியேறக்கூடும். வெப்பத்துக்குப் பழகிய உடல் வியர்வையில் சோடியத்தைக் குறைத்துச் சேமித்துக்கொள்ளும் என்றாலும், பல லிட்டர் வியர்ப்பவருக்கு இழப்பு இருக்கத்தான் செய்கிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டிய நேரம் பகல், ஈடுசெய்ய வேண்டிய பொருள் தண்ணீரோடு சேர்ந்த சிறிதளவு உப்பு. தூக்குவாளியில் கொண்டுசெல்லும் நீராகாரமும், உப்பிட்ட நீர்மோரும், கம்மங்கூழும் இதைத்தான் தலைமுறைகளாகச் செய்துவந்தன. பகலில் இழந்ததை இரவுப் பொட்டலத்தில் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்பது கணக்குக்கு ஒத்துவராது, ஏனெனில் அதற்குள் தாகமும் சோர்வும் உடலை வாட்டி முடித்திருக்கும். மேலும் நிழலில் அமர்ந்து தீப்பெட்டி ஒட்டுபவரும், அச்சகத்தில் தாள் மடிப்பவரும், பள்ளிக்குச் சென்று திரும்பும் பிள்ளையும் அதே பொட்டலத்தைத்தான் உண்கிறார்கள். அவர்களுக்கு ஈடுசெய்ய வேண்டிய இழப்பு ஏதுமில்லை.

சோயா சாஸைத் தன் உணவின் அடித்தளமாகக் கொண்ட ஒரு நாடே இந்தச் சிக்கலை எதிர்கொண்டு மீண்டிருக்கிறது. 1960-இல் அமெரிக்க மருத்துவர் லூயிஸ் டால் வெளியிட்ட ஒப்பீட்டில், வட ஜப்பானியர் நாளொன்றுக்குச் சுமார் 27 கிராம் உப்பு உண்டதும், பக்கவாத இறப்பு அங்கே மிகுந்திருந்ததும் உலகின் கவனத்துக்கு வந்தன. மிசோ என்னும் சோயாப் பசையில் செய்த சூப்பும், சோயா சாஸும், குளிர்காலத்துக்கென உப்பிலிட்ட காய்களும் அந்த உப்பைக் கொண்டுவந்தன. மலைநாடான நகானோ மாகாணமும் பக்கவாதத்தால் பெரிதும் பாதிக்கப்பட்டிருந்தது. அங்கே சுகாதாரத் தொண்டர்களாக முன்வந்த இல்லத்தரசிகள் வீடு வீடாகச் சென்று சூப்பின் உப்பை அளந்து காட்டினர். சூப்புக் கிண்ணங்களின் எண்ணிக்கையைக் குறைக்கவும், சாஸை உணவின்மேல் ஊற்றாமல் தொட்டுக்கொள்ளவும் பழக்கினர். 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆண், பெண் இருபாலரின் ஆயுளிலும் ஜப்பானிலேயே முதலிடம் அந்த மாகாணத்துக்குக் கிடைத்தது. உப்பு ஒன்றே இதற்குக் காரணமென்று கூற இயலாது. எனினும் அடுக்களைக்குள் சென்று அளந்து காட்டிய அந்தப் பெண்களின் பணி, மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வலுவாக வேரூன்றிய தமிழ்நாட்டுக்கு அந்நியமானதன்று.

கடையில் புட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது உதவக்கூடிய ஒரே சான்று அதன் லேபிள். 2020-ஆம் ஆண்டின் உணவு லேபிள் ஒழுங்குமுறைகளின்படி, பொட்டல உணவுகளில் சோடியத்தின் அளவை மில்லிகிராமில் குறிப்பிட வேண்டும். நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம் என்னும் எல்லையில் ஒரு பரிமாறல் எத்தனை விழுக்காடு என்பதையும் சொல்ல வேண்டும். இதில் இரண்டு கண்ணிகள் உள்ளன. ‘ஒரு பரிமாறல்’ என்று நிறுவனம் குறித்திருக்கும் அளவு ஒரு தேக்கரண்டியாக இருக்கலாம். உண்பவர் ஊற்றுவது அதைப்போல் நான்கு மடங்காக இருக்கலாம். ஆகவே 100 கிராமுக்குரிய எண்ணையே ஒப்பிட வேண்டும். மற்றொன்று, ‘சோடியம் குறைக்கப்பட்டது’ என்பதும் ‘சோடியம் குறைந்தது’ என்பதும் வெவ்வேறு. பன்னாட்டு உணவு நெறித்தொகுப்பின்படி, 100 கிராமில் 120 மில்லிகிராமுக்கு மேற்படாததே சோடியம் குறைந்த உணவு. குறைக்கப்பட்ட சோயா சாஸ் வழக்கமான சாஸைவிடத்தான் குறைவு. அதிலும் ஒரு மேசைக்கரண்டிக்கு 500 முதல் 600 மில்லிகிராம் வரை இருக்கும், அதை நம்பி இரண்டு மடங்கு ஊற்றினால் பழைய இடத்தையும் தாண்டிப் போய்விடும். சர்க்கரை, உப்பு, நிறைகொழுப்பு ஆகியவற்றின் அளவுகளைத் தடித்த, பெரிய எழுத்துகளில் அச்சிடச் செய்யும் திட்ட வரைவுக்கு 2024 ஜூலையில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஒப்புதல் அளித்தது. நாட்டின் நாள்காட்டிகளையும் லேபிள்களையும் பெருமளவில் அச்சிடும் சிவகாசியின் எந்திரங்களுக்கு எழுத்தைப் பெரிதாக்குவது ஒரு வேலையே இல்லை. ஆணை மட்டும் வர வேண்டும்.

வெள்ளை உப்பை விட்டு இந்துப்புக்கு மாறினால் தீர்ந்தது என்று பலர் கருதுகிறார்கள். இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே, கல்லுப்பும் அவ்வாறே. கல்லுப்பு ஒரு கரண்டிக்குச் சற்று எடை குறைவாக நிற்பது படிகங்களுக்கிடையே உள்ள இடைவெளியால் மட்டுமே. உண்மையில் சோடியம் குறைந்த உப்பு என்பது, சோடியம் குளோரைடில் ஒரு பகுதியை நீக்கிப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்தது. வட சீனத்தில் 600 ஊர்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் ஐந்தாண்டுக் காலம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்திருந்தது. 2025 ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனமும் வீட்டு உப்புக்கு மாற்றாக இதைப் பரிந்துரைத்தது. ஈரத்தை இழுக்கும் சோடியம் நைட்ரேட்டை விலக்கிப் பொட்டாசியம் நைட்ரேட்டைத் தேர்ந்துகொண்ட பட்டாசுத் தொழிலுக்கு இவ்விரு தனிமங்களின் இடமாற்றம் புதிதன்று; உண்ணும் உப்பில் அது வேறு காரணத்துக்காக நிகழ்கிறது, வேறு சேர்மத்தால் நிகழ்கிறது. சிறுநீரகப் பழுது உள்ளவர்களுக்கும், உடலில் பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் மாத்திரைகளை உண்பவர்களுக்கும் இந்த உப்பு ஆபத்தாக முடியலாம் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் அவர்கள் மாறவே கூடாது.

அயோடின் பற்றியும் ஒரு சொல் தேவை. 2006 முதல் இந்தியாவில் நேரடி உணவுக்கு அயோடின் கலந்த உப்பையே விற்க வேண்டும். சாஸ்களில் அந்த அயோடினை எதிர்பார்க்க இயலாது. சாஸைக் குறைத்து, சேர்க்கும் சிறிதளவு உப்பை அயோடின் உப்பாகவே வைத்துக்கொள்வது, குறிப்பாகக் கருவுற்ற பெண்கள் உள்ள வீடுகளில், இரண்டு நோக்கங்களுக்கும் பொருந்தும்.

கடைச் சாப்பாட்டில் இவையெல்லாம் எப்படி நடக்கும் என்ற ஐயம் எழலாம். சால்னா நண்பகலிலேயே பெரிய அண்டாவில் உப்பிட்டுக் கொதித்து முடிந்துவிடுகிறது, அதில் எவர் கேட்டும் உப்பைக் குறைக்க முடியாது. உருளைக்கிழங்கைப் போட்டாலும் அது குழம்பையும் உப்பையும் சேர்த்தே உறிஞ்சும். அங்கே பரோட்டாவை ஊறவிடாமல் தொட்டு உண்பதும், மிஞ்சிய சால்னாவை மிச்சம் வைப்பதும்தான் வழி. பாஸ்ட்புட் வண்டியின் நிலை நேர்மாறானது. ஒவ்வொரு தட்டும் கேட்ட பிறகே சட்டியில் ஏறுகிறது. கடைக்காரரின் கை சாஸ் புட்டியை நோக்கி நீள்வதும் வாங்குபவரின் கண்முன்னேயே நிகழ்கிறது. ‘அண்ணே, உப்பு தனியாப் போட வேண்டாம், சாஸ் பாதி போதும், எலுமிச்சம்பழம் கொஞ்சம் பிழிஞ்சு விடுங்க’ என்று சட்டி காயும்போதே சொல்லிவிட்டால் அவர் மறுப்பதற்குக் காரணம் இல்லை, அவருக்குச் செலவும் குறைவு. பொட்டலத்தோடு தரும் சாஸ் பாக்கெட்டுகளை வேண்டாமென்று அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டால், வீட்டில் பிள்ளைகளின் கைக்கு அவை எட்டுவதும் இல்லை.